சவாரி வேண்டாம், கயிற்றைக் கொடுங்கள்

காசு கொடுத்து வேலை பார்க்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நியூயார்க்கில் இருக்கிறார்கள். ஹட்சன் ஆற்றில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுக்கிறார்கள். கூடவே படகுக்காரரும் வருவார். ஆனால் விரும்பிக் கேட்டால் கயிற்றை உங்கள் கையில் கொடுத்துவிடுவார். ‘இழுங்க’ என்பார். சுக்கானைக் காட்டி ‘பிடிங்க’ என்பார். உள்ளங்கை சிவக்கும், சட்டை நனையும், முதுகு வலிக்கும். இறங்கும்போது நன்றி சொல்லிப் பணமும் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

நம்ம ஊர் ஆசாமிக்கு இது சுத்தக் கிறுக்குத்தனம். காசு கொடுத்தால் உட்கார வைத்து ஓட்டிக் காட்ட வேண்டாமா? லைஃப் ஜாக்கெட் மாட்டி, விசைப்படகில் ஒரு வட்டம் அடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினால்தானே அது படகுச் சவாரி?

அங்கேதான் சார் விஷயமே இருக்கிறது. சவாரி போகிறவன் தண்ணீரைப் பார்க்கிறான். கயிறு பிடிக்கிறவன் தண்ணீரைத் தொடுகிறான். பார்க்கிறவனுக்கு ஆறு அழகாக இருந்தால் போதும். தொடுகிறவனுக்கு ஆறு சுத்தமாக இருக்க வேண்டும். சென்னையின் ஆறுகள் சாக்கடையாகவே கிடப்பதற்குக் காரணம் பணம் இல்லாதது அல்ல. அந்தத் தண்ணீரில் கை வைக்கிற அவசியம் ஓட்டுப் போடுகிற யாருக்கும் இல்லாமல் போனதுதான்.

இது என் சொந்தத் தத்துவம் இல்லை. பாஸ்டன் நகரத்தில் நடந்த கதை.

பாஸ்டன் நடுவே ஓடும் ஆறு சார்ல்ஸ். ஒரு காலத்தில் கடல் ஏறி இறங்கும் கழிமுகம். கடல் இறங்கினால் சேறும் நாற்றமும்தான். 1910ல் அணை கட்டி அதை நன்னீர்த் தேக்கமாக்கினார்கள். கரையில் பூங்கா வந்தது. பூங்கா வந்தால் நம்ம ஊரில் என்ன செய்வோம்? வேலி போட்டு, ‘புல்லில் நடக்காதே’ என்று போர்டு வைப்போம். அங்கே ஜோசஃப் லீ என்று ஒருவர் இருந்தார். 1930களில் பக்கத்தில் இருந்த வெஸ்ட் எண்ட் பகுதிக் குழந்தைகளைப் பாய்மரப் படகில் ஏற்றினார். வெஸ்ட் எண்ட் பணக்காரர்கள் வாழ்ந்த இடமல்ல. பிழைக்க வந்த இத்தாலியரும் யூதரும் நெருக்கியடித்துக் குடியிருந்த பகுதி. பாய்மரப் படகு பணக்காரர்களின் பொம்மை என்று ஊரே நினைத்த காலத்தில், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையின் கையில் கயிறு வந்தது.

1946ல் அது ‘கம்யூனிட்டி போட்டிங்’ என்ற அமைப்பாகப் பதிவானது. கொள்கை ஒரே வரி: எல்லோருக்கும் பாய்மரம். பல பத்தாண்டுகளுக்கு அங்கே சிறுவர்களுக்கான கட்டணம் எவ்வளவு தெரியுமா? கோடை முழுவதற்கும் ஒரு டாலர். பிற்பாடு வீட்டு வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம் என்று மாற்றினார்கள். இதற்கு மேல் ஒரே நிபந்தனை, பிள்ளைக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். 75 கஜம் நீந்திக் காட்டினால் சேர்த்துக்கொள்வார்கள்.

பி.காம். படித்தவன் என்ற முறையில் அந்த ஒரு டாலரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது கட்டணம் இல்லை. ஒரு டாலரில் படகின் கயிறுகூட வாங்க முடியாது. அது பங்கு மூலதனம். அந்த ஒரு டாலரோடு அந்தப் பையன் ஆற்றின் பங்குதாரன் ஆகிறான். பங்கு வைத்திருப்பவன் கம்பெனி நஷ்டத்தில் போனால் கேள்வி கேட்பான். தெருவில் போகிறவன் கேட்பானா?

சார்ல்ஸ் ஆறு நஷ்டத்தில்தான் போனது. ஆலைக் கழிவும் சாக்கடையும் சேர்ந்து நாறியது. 1950களில் குளிக்கத் தடை போட்டார்கள். 1966ல் அந்த அழுக்குத் தண்ணீரை வைத்து ஒரு ராக் பாட்டே ஹிட் ஆனது. படகிலிருந்து தவறி விழுந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள் என்பது அந்த ஊர் வழக்கம். இத்தனைக்கும் நடுவே படகுகள் நிற்கவில்லை. பிள்ளைகள் விழுந்தார்கள், ஊசி போட்டுக்கொண்டார்கள், மறுபடி ஏறினார்கள். விழுந்த பிள்ளைகள் வளர்ந்து வாக்காளர்கள் ஆனார்கள்.

படகு ஓட்டியவர்களே ஆற்றைச் சுத்தம் செய்துவிட்டார்கள் என்று கதை விடவில்லை. 1965ல் ஆற்றுக்காக மக்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1972ல் அமெரிக்காவில் சுத்த நீர்ச் சட்டம் வந்தது. பெரும் செலவில் சாக்கடைக் குழாய்கள் பிரிக்கப்பட்டன. 1995ல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆற்றுக்குப் பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டு மாதிரி ஒரு கிரேடு போட்டது. கிடைத்தது ‘டி’. பத்தே வருடத்தில் குளிக்கிற ஆறாக மாற்றுவோம் என்று இலக்கு வைத்தார்கள். 1996ல் மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட் ஆற்றுப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு, போட்டிருந்த உடையோடு அந்த ஆற்றில் குதித்தார். விளம்பரம்தான். இருக்கட்டுமே. நம்ம ஊரில் விளம்பரத்துக்காகவாவது கூவத்தில் ஒருவர் கால் நனைத்திருக்கிறாரா?

பத்து வருட இலக்கு சொன்னபடி முழுசாக முடியவில்லை. ஆனால் விடவும் இல்லை. மழைக்காலத்தில் சாக்கடை பொங்கி ஆற்றில் கலக்கும் அளவு 1988ஐ ஒப்பிட்டால் 99 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது. 2011ல் உலகின் சிறந்த ஆற்று மீட்புக்கான பரிசு சார்ல்ஸுக்குக் கிடைத்தது. 2013ல் அரை நூற்றாண்டுக்குப் பிறகு முதல் தடவையாக மக்கள் அனுமதியோடு அதில் நீந்தினார்கள். அந்த வருடத்து கிரேடு ‘ஏ மைனஸ்’.

பணத்தையும் சட்டத்தையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சின்னத் துணி. சார்ல்ஸ் ஆற்றின் படகுத்துறைகளில் கோடை நாட்களில் ஒரு கொடி பறக்கும். நீலக் கொடி என்றால் தண்ணீர் படகு ஓட்ட ஏற்றது. சிவப்புக் கொடி என்றால் கிருமி இருக்கலாம், ஜாக்கிரதை. பெருமழை பெய்தால் இன்றைக்கும் சிவப்பு ஏறும். மறைப்பதில்லை. மாதாமாதம் விடியற்காலையில் தன்னார்வத் தொண்டர்கள் பாட்டிலோடு போய் ஆறு நெடுகத் தண்ணீர் எடுத்துச் சோதனைக்குக் கொடுக்கிறார்கள். 1995லிருந்து இது நடக்கிறது. ஏன் நடக்கிறது? அந்தத் தண்ணீர் யாரோ ஒருவருடைய பிள்ளையின் முகத்தில் தெறிக்கப்போகிறது. அதனால் நடக்கிறது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

சென்னைக்குப் படகு புதிதா? ‘கட்டுமரம்’ என்ற நம் சொல்லைத்தான் வெள்ளைக்காரன் வாங்கி உலகம் பூராவும் ‘கேட்டமரான்’ என்று ஓட்டிக்கொண்டிருக்கிறான். 1806ல் தோண்ட ஆரம்பித்து, 1877-78 பஞ்ச காலத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பக்கிங்ஹாம் கால்வாயில் பாய் விரித்த படகுகள் உப்பும் விறகும் ஏற்றிக்கொண்டு மெட்ராசுக்கு வந்தன. பாரதிதாசன் 1934ல் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் போனது இந்தக் கால்வாயில் படகேறித்தான். அந்தப் பயணத்தைப் பாட்டாகவும் எழுதிவைத்தார். அதே கால்வாயில் 1990களில் பறக்கும் ரயிலுக்காகத் தூண் நட்டோம். ரயில் வேண்டும்தான். ஆனால் தண்ணீருக்குள் தூண் நடும்போது, ‘என் படகு எப்படிப் போகும்?’ என்று கேட்க ஒரு ஆள்கூட அப்போது மிச்சம் இல்லை. கவனியுங்கள், கேட்க ஆள் இல்லை.

கூவத்திலும் படகு விட்டிருக்கிறோம். 1967ல் அண்ணா முதல்வராக இருந்தபோது சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில் கலைஞர் ஆட்சியில் படகுகள் மிதந்தன. துறைகளுக்குக் கடையெழு வள்ளல்களின் பெயர்கள். பெயர் வைப்பதில் நம்மை யாராலும் ஜெயிக்க முடியாது. ஆனால் அது சவாரி. ஏறு, உட்கார், பார், இறங்கு. சீக்கிரமே நின்றுபோனது. நின்றபோது யாருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை. அதனால் யாரும் சண்டை போடவும் இல்லை.

அப்புறம் எத்தனை ஆட்சி, எத்தனை திட்டம்! 2015ல் கூவத்துக்கு மட்டும் சுமார் 600 கோடி ரூபாயில் ஒரு திட்டம் அனுமதி பெற்றது. 2022ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் கெட்டுப்போன ஆறுகளைப் பட்டியல் போட்டது. அதில் ஆவடியிலிருந்து சத்யா நகர் வரையிலான கூவத்தின் பி.ஓ.டி. அளவு லிட்டருக்கு 345 மில்லிகிராம். தண்ணீரில் கலந்த கழிவு மக்குவதற்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்பதற்கான கணக்கு அது. குளிக்கத் தகுந்த நீருக்கு இது 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. 3 எங்கே, 345 எங்கே? பட்டியலிலேயே முதலிடம்!

பி.காம். முதல் வருடத்தில் ஒரு பாடம் உண்டு. மூலதனச் செலவு வேறு, நடைமுறைச் செலவு வேறு. கட்டடம் கட்டுவது முதல் வகை. அதைத் தினம் பெருக்குவது இரண்டாவது. நம் ஆட்சிகள் எல்லாமே ஆற்றை முதல் வகையாகவே பார்க்கின்றன. சுவர் கட்டு, பூங்கா வை, நடைபாதை போடு, ரிப்பன் வெட்டு. இதற்கெல்லாம் கல்வெட்டு வைக்கலாம். திருட்டுத்தனமாகச் சாக்கடையை ஆற்றில் இணைத்த குழாயைத் தேடிக் கண்டுபிடித்து அடைப்பதற்குக் கல்வெட்டு உண்டா? போன வாரம் அடைத்த குழாய் இந்த வாரம் திறந்திருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதற்கு ரிப்பன் உண்டா? ஆறு சுத்தமாவது இந்த இரண்டாவது வேலையில்தான். அதைச் செய்ய வைக்க, தினமும் தண்ணீரைத் தொட்டு ‘நாறுது சார்’ என்று சொல்கிற ஆயிரம் பேர் வேண்டும்.

கூவத்தின் கரையில் நிஜமாகவே தினமும் வாழ்ந்தவர்களை நாம் என்ன செய்தோம்? ஆற்றை மீட்கிறோம் என்று சொல்லி ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் அதைப்போன்ற தூரத்து அடுக்குமாடிகளுக்கும் ஏற்றி அனுப்பினோம். ஆற்றில் கலக்கும் கழிவு குடிசையிலிருந்து மட்டுமா வந்தது? மாடி வீட்டுக் குழாய்களை யாரும் லாரியில் ஏற்றவில்லையே! பாஸ்டனும் இதில் யோக்கியமான ஊர் இல்லை. எந்த வெஸ்ட் எண்ட் குழந்தைகளுக்காகப் படகு வந்ததோ, அந்த வெஸ்ட் எண்டையே 1958லிருந்து புல்டோசர் வைத்து இடித்துத் தள்ளினார்கள். நகரச் சீரமைப்பாம். இன்றைக்கும் அது அந்த ஊரின் தீராத வெட்கம். காப்பி அடிப்பதென்றால் படகுத்துறையைக் காப்பி அடியுங்கள், புல்டோசரை வேண்டாம்.

‘பாய்மரப் படகு பணக்கார விளையாட்டு’ என்று ஒரு பேச்சு எப்போதும் வரும். சென்னையில் 1867லிருந்து போட் கிளப் இருக்கிறது, அடையாற்றில் துடுப்புப் போடுகிறார்கள். 1911லிருந்து யாட் கிளப் இருக்கிறது, துறைமுகத்திலிருந்து பாய் விரிக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. சொந்தக் காசில் நூறு வருடத்துக்கு மேலாக இந்தக் கலையை அணையாமல் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது உறுப்பினர்களுக்கான வாசல். பொதுவாசல் எங்கே?

விளையாட்டின் விலையைப் பற்றியும் ஒரு தகவல். உலகமெங்கும் சிறுவர்கள் கற்றுக்கொள்ளும் ‘ஆப்டிமிஸ்ட்’ என்ற குட்டிப் படகு 1947ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பிறந்தது. அதை வரைந்தவருக்குச் சொல்லப்பட்ட நிபந்தனை, சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கட்டுப்படியாகிற விலையில், ப்ளைவுட்டில் செய்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான். நம்ம ஊர்த் தச்சருக்கு இது கஷ்டமா?

திறமைக்கும் பஞ்சமில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு 2021ல் இந்தியாவிலிருந்து போன பாய்மரப் படகு வீரர்கள் நான்கு பேர். நேத்ரா குமணன், கணபதி, வருண் தக்கர் மூவரும் சென்னைக்காரர்கள். விஷ்ணு சரவணன் வேலூர்க்காரர். நாலுக்கு நாலும் தமிழ்நாடு! மூன்று நீர்வழிகள் ஓடுகிற சென்னையில், மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண் நேத்ராவைப் பற்றி பேப்பரில் படிக்கலாம். நேத்ரா செய்வதை எங்கே போய்ச் செய்து பார்ப்பாள்?

‘தண்ணியில பசங்கள இறக்கினா ஆபத்து சார்’ என்பது அடுத்த பேச்சு. 2015 டிசம்பரை மறந்துவிட்டீர்களா? அடையாறு நம் வாசலுக்கே வந்தது. ஆற்றில் படகு விடாத ஊர், தெருவில் படகு விட்டது. யார் ஓட்டினார்கள்? கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் சொந்தப் படகைக் கொண்டுவந்து மாடியில் நின்ற நம்மை இறக்கினார்கள். படித்த சென்னைக்கு நீச்சலும் தெரியவில்லை, துடுப்பும் தெரியவில்லை. தண்ணீரைக் கண்டு பயப்படுவதைப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 75 கஜம் நீந்தத் தெரிவதுதான் பாதுகாப்பு.

‘அதெல்லாம் சிங்கப்பூர் மாதிரி ஆட்சி இருந்தால் நடக்கும்’ என்பது கடைசிப் பேச்சு. சிங்கப்பூர் 1977ல் ஆரம்பித்து 1987ல் தன் ஆற்றைச் சுத்தம் செய்தது உண்மை. நம் தலைவர்களுக்கு அந்த உதாரணம் ரொம்பப் பிடிக்கும். மேலிருந்து உத்தரவு, கீழே அமைதி. ஆனால் உத்தரவு போட்டவர் மனம் மாறினால்? பதவி மாறினால்? நம்ம ஊரில் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை எல்லாமே மாறும். அதனால் நமக்குச் சிங்கப்பூர் வழியைவிடப் பாஸ்டன் வழிதான் பொருந்தும். ஆட்சி மாறினாலும் மாறாத ஒரே கோஷ்டி, ஆற்றைப் பயன்படுத்துகிற ஜனங்கள்தான்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்கிறீர்களா?

நாளைக் காலையில் கூவத்தில் குழந்தைகளை இறக்கச் சொல்லவில்லை. அது பாவம். 345க்கு டெட்டனஸ் ஊசி போதாது. பருவமழை போனால் அதில் நல்ல தண்ணீர் வருவதும் அபூர்வம். முகத்துவாரத்தை வேறு மணல் அடைத்துக்கொள்கிறது. எனவே அடையாறு அகலமாக விரிகிற பகுதியில் முதல் பொதுப் படகுத்துறை வரட்டும். கிளப் இல்லை, ரிசார்ட் இல்லை. மாநகராட்சிப் பள்ளிக்கூடம் மாதிரி யார் வேண்டுமானாலும் வருகிற இடம். ஆண்டுக் கட்டணம் பத்து ரூபாய். நீச்சல் கற்றுக்கொடுத்து, தேறியவர்களைச் சேர்க்கட்டும்.

வாத்தியார்களுக்கு அலைய வேண்டாம். வாடை எது, கொண்டல் எது, சோழகம் எது, கச்சான் எது என்று முகத்தில் படுகிற காற்றை வைத்தே சொல்கிறவர்கள் நம் கடற்கரையில் இருக்கிறார்கள். விசைப்படகு வந்த பிறகு அந்த அறிவுக்குச் சம்பளம் இல்லாமல் போய்விட்டது. அதற்குச் சம்பளம் கொடுங்கள். தண்ணீர் தேறும் வரை பயிற்சி கடலோரத்திலும் கோவளம் உப்பங்கழியிலும் நடக்கட்டும். காற்றுக்கு எதிரே படகு நேராகப் போகாது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும் என்பதைப் பன்னிரண்டு வயதில் கயிறு பிடித்துக் கற்றுக்கொண்ட பிள்ளை, அரசாங்க ஆபீசில்கூடப் பொறுமையாகக் காரியம் சாதிக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தத் துறையில் ஒரு கொடிமரம் நட வேண்டும். பக்கத்தில் ஒரு கரும்பலகை. அதில் அன்றாட அளவு, பக்கத்திலேயே இருக்க வேண்டிய அளவு, பொறுப்பான அதிகாரியின் பதவி. தண்ணீர் சரியில்லை என்றால் சிவப்புக் கொடி. நீச்சல் கற்று, படகு கற்று, கையில் கயிறோடு பிள்ளைகள் கரையில் காத்திருப்பார்கள். அவர்களுடைய அப்பா அம்மா கொடியைப் பார்ப்பார்கள். ‘ஏன் இன்னும் சிவப்பு?’ என்று கேட்பார்கள். அதிகாரியிடம் கேட்பார்கள், கவுன்சிலரிடம் கேட்பார்கள், ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேட்பார்கள். இந்த ஒரு கேள்விக்குத்தான் நம் ஆறுகள் அரை நூற்றாண்டாகக் காத்துக் கிடக்கின்றன.

முதல் ஆயிரம் நாளும் சிவப்புக் கொடிதான் பறக்கும். பறக்கட்டுமே! பச்சைப் புல்லும் வண்ண விளக்கும் போட்டுச் சாக்கடையை மறைப்பதைவிட, சாக்கடையைச் சாக்கடை என்று சொல்கிற ஒரு முழம் சிவப்புத் துணி எவ்வளவோ மேல். அறுநூறு கோடியில் முடியாததை அது ஆரம்பித்து வைக்கும். ஒரு கொடி, ஒரு கம்பம், ஒரு கரும்பலகை. இதற்கு டெண்டர்கூட வேண்டாம்.